ஜியோஜெப்ரா: பிறையில் ஒரு வீட்டு டியூஷனில் மூன்று வருடம் பயன்படுத்திய பிறகு

"டீச்சர், பிள்ளைக்கு மேத்ஸ் வரவே மாட்டேங்குது, நல்ல ஆப் ஏதாவது இருந்தா சொல்லுங்க, காசு கட்டியாவது வாங்கிடுறோம்." இந்த மாதிரி ஒரு வாட்ஸ்ஆப் குரல் செய்தி மாதத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது எனக்கு வந்துவிடுகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் விவரமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். சுருக்கமாகக் கேட்டால் பதில் ஜியோஜெப்ரா என்ற கணித ஆப். காசு கட்ட வேண்டாம். ஆனால் அதை இறக்கிப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டால் மட்டும் ஒன்றும் நடக்காது, அதனால் மீதியையும் படியுங்கள்.

நான் இருப்பது மலேசியாவில், பினாங்கின் பெருநிலப் பக்கம், பிறை என்ற ஊரில். வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் வகுப்பு. வார நாள்களில் மாலையில் ஐந்தாம், ஆறாம் ஆண்டுத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள். சனிக்கிழமை காலையில் இடைநிலைப்பள்ளியின் படிவம் 4, 5 பிள்ளைகள், பதினாறு பதினேழு வயதுக்காரர்கள், ஆறு பேர் கூடுதல் கணிதத்துக்கு வருகிறார்கள். பெரும்பாலான பெற்றோருக்கு இங்கேயோ பாயான் லெப்பாஸிலோ ஃபேக்டரி வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும், அதனால் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குச் சொல்லித்தர வீட்டில் ஆள் இருக்காது. கருவிகள் என்று பார்த்தால் என்னுடைய பழைய லேப்டாப் ஒன்று, அதை டிவியோடு இணைக்க ஒரு எச்டிஎம்ஐ வயர், அப்புறம் பிள்ளைகளின் போன்கள். கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த வசதிக்குள் நடந்தவை. ஆளுக்கொரு டேப்லட், சுவரில் ஸ்மார்ட் போர்டு என்று இருக்கும் இடத்தில் இன்னும் நன்றாகவே நடக்கலாம்.

முதலில் காசு கட்டிய கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெற்றோர் கேட்பது அதைத்தான். 2022இல் ஒரு கணித ஆப்புக்கு நானே மாதம் 45 ரிங்கிட் கட்டினேன். பெயர் வேண்டாம். ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவனுக்குப் பின்னம் பிடிபடவில்லை, அவனுக்காகத்தான் வாங்கினேன். ஒரு கேள்வி, கீழே நான்கு விடைகள், தவறானதைத் தொட்டால் சிவப்பு, சரியானதைத் தொட்டால் பச்சை, கூடவே ஒரு நட்சத்திரமும் கைதட்டல் சத்தமும். வாரக் கடைசியில் எனக்கு வரும் அறிக்கையில் பின்னம் பகுதியில் இருபதுக்கு இருபது. எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஒரு நாள் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். கேள்வியை அவன் படிக்கவே இல்லை. கட்டைவிரல் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே இறங்கியது, பச்சை வந்ததும் அடுத்த கேள்வி. இருபது கேள்வியும் நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டன. தாளை எடுத்து, அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டு என்றேன். ஐந்தில் இரண்டு என்று எழுதினான். மேலே உள்ளதை மேலே உள்ளதோடு கூட்டினான், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடு கூட்டினான், அவ்வளவுதான்.

அன்றைக்கு எனக்குப் பழைய நினைவு ஒன்று வந்தது. 2003இல் நான் படிவம் 1, இடைநிலைப்பள்ளியில் முதல் வருடம். அந்த வருடம்தான் அரசாங்கம் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டத்தைத் தொடங்கியது, பிபிஎஸ்எம்ஐ என்று சொன்னால் என் வயதுக்காரர்களுக்கு உடனே தெரியும். முந்தின வருடம்வரை தமிழ்ப்பள்ளியில் தொகுதி எண், பகுதி எண் என்று படித்துவிட்டு வந்தவள் திடீரென்று நியூமரேட்டர், டினாமினேட்டர் என்று கேட்டதும் திகைத்துப்போனேன். ஆசிரியர்களுக்கு லேப்டாப்பும் எல்சிடி புரொஜெக்டரும் வந்தன, பாடங்கள் சிடியில் வந்தன. விளக்கை அணைப்பார்கள், சுவரில் வண்ண வண்ணமாக முக்கோணங்கள் சுற்றும், ஆசிரியர் பட்டனை அழுத்துவார், அடுத்த படம் வரும். நாற்பது பேர் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்போம். பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் மௌஸ் ஒருநாளும் எங்கள் கைக்கு வரவில்லை. அந்த முக்கோணத்தை நான் இழுத்துப் பார்க்க வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அதனால் இப்போது எந்த ஆப் வந்தாலும் நான் பார்ப்பது இரண்டே விஷயம்: பிள்ளையின் கை எதையாவது அசைக்கிறதா, அசைப்பதற்கு முன்னால் அவனை ஊகிக்க வைக்க முடிகிறதா. காசு கட்டிய அந்த ஆப்பில் இரண்டுமே இல்லை. ஐந்து மாதம் கட்டிவிட்டு நிறுத்தினேன். நிறுத்துவதற்கும் மூன்று மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருந்தது.

சரி, ஜியோஜெப்ராவுக்கு வருவோம். ஆஸ்திரியாவைச் சேர்ந்த மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் என்பவர் 2001இல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தன் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கியது இது. ஜியோமெட்ரி, ஆல்ஜிப்ரா இரண்டையும் ஒட்டிப் பெயர் வைத்தார், அந்தப் பெயரிலேயே அதன் வேலையும் இருக்கிறது. ஒரு பக்கம் சமன்பாடு, இன்னொரு பக்கம் படம். சமன்பாட்டை மாற்றினால் படம் மாறும், படத்தை இழுத்தால் சமன்பாட்டின் எண்கள் மாறும். பள்ளியில் இந்த இரண்டையும் வேறு வேறு பாடமாகப் படித்த நமக்கு இது சின்ன விஷயமில்லை. 2021இல் இந்தியாவின் பைஜூஸ் நிறுவனம் இதை வாங்கியது, அப்போது பல ஆசிரியர்கள் இனிமேல் காசு கேட்பார்களோ என்று பயந்தார்கள். என்னைப் போல வீட்டில் பயன்படுத்துகிறவளிடம் இதுவரை ஒரு சென்கூடக் கேட்கவில்லை. விளம்பரமும் குறுக்கே வருவதில்லை. போனில் ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலேயே ஓடும். டேட்டா முடிந்துபோய் மாமாக் சாப்பாட்டுக் கடை வைஃபைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்துகிற எனக்கு இது பெரிய உதவி.

போனின் ஆப் ஸ்டோரில் தேடினால் ஒரே பெயரில் நான்கைந்து ஆப் வரும்: வரைபடத்துக்கு ஒன்று, வடிவியலுக்கு ஒன்று, முப்பரிமாணத்துக்கு ஒன்று என்று. எல்லாவற்றையும் இறக்க வேண்டாம். கால்குலேட்டர் சூட் என்பதில் எல்லாம் ஒன்றாகவே இருக்கிறது.

இப்போது ஒரு சனிக்கிழமை வகுப்பைச் சொல்கிறேன், அதைக் கேட்டால்தான் நான் எதற்காக இதைத் தூக்கி வைத்துப் பேசுகிறேன் என்று புரியும். படிவம் 4 கூடுதல் கணிதத்தில் இரண்டாவது பாடம் இருபடிச் சார்பு. எக்ஸ் வர்க்கத்துக்கு முன்னால் ஏ, எக்ஸுக்கு முன்னால் பி, தனியாக சி. இதை அப்படியே ஜியோஜெப்ராவில் அடித்தால் ஏ, பி, சி மூன்றுக்கும் தானாகவே மூன்று ஸ்லைடர் வந்துவிடும், விரலால் தள்ளினால் எண் மாறும், வளைவு அசையும். ஆனால் போனைத் தொட நான் விடமாட்டேன். முதலில் போன்கள் எல்லாம் கவிழ்ந்து மேசை நடுவில் இருக்கும். கிராஃப் புத்தகத்தில் இந்தச் சார்பின் வளைவை, அதாவது ஒரு பரவளையத்தை, வரைந்துகொள்ளுங்கள், சியைக் கூட்டினால் எங்கே போகும், பென்சிலால் வரையுங்கள் என்பேன். மேலே போகும் என்று எல்லாரும் சரியாகவே வரைவார்கள். ஏயைக் கூட்டினால்? ஒடுங்கும், இதையும் பாதிப் பேர் சரியாக வரைவார்கள். பியைக் கூட்டினால்?

இங்கேதான் எல்லாரும் நிற்பார்கள். மூன்று வருடத்தில் இதைச் சரியாக ஊகித்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. "பக்கவாட்டுல நகரும் டீச்சர்" என்பார்கள், வளைவை அப்படியே இடம் வலமாக நகர்த்தி வரைவார்கள். வரைந்து முடித்து, பக்கத்தில் பெயரெழுத்தும் போட்ட பிறகுதான் போனை எடுக்கலாம். ஏயை 1இல் வைக்கிறோம், சியை 3இல் வைக்கிறோம், பியை மட்டும் தள்ளுகிறோம். வளைவு பக்கவாட்டில் போகிறது, ஆனால் போகும்போதே கீழே இறங்குகிறது! பூஜ்யத்தைத் தாண்டி அந்தப் பக்கம் தள்ளினால் மேலே ஏறி மறுபடி இறங்குகிறது. ஊஞ்சல் மாதிரி என்றான் ஒருவன். ஊஞ்சல் நடுவில் தாழ்ந்து இருக்கும், இது நடுவில் உயர்ந்து இருக்கிறதே என்று பக்கத்தில் இருந்த பெண் திருத்தினாள். அந்தத் திருத்தம் எனக்கு ஒரு வாரப் பாடத்துக்குச் சமம்.

அப்புறம் வளைவின் முனைப்புள்ளியைக் கண்டுபிடிக்கும் சூத்திரத்தை, பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்கிறார்களே அதையே, ஒரு புள்ளியாக அடிக்கச் சொன்னேன். பியை எதிராக்கி இரண்டு ஏயால் வகுத்தால் வருவது முதல் எண், அதைச் சார்பில் போட்டால் வருவது இரண்டாவது எண். புள்ளி சரியாக முனையில் போய் உட்கார்ந்தது. அந்தப் புள்ளிக்கு மட்டும் தடத்தைக் காட்டு என்று அமைத்துவிட்டு மறுபடி பியைத் தள்ளினால், போன இடமெல்லாம் புள்ளி புள்ளியாகத் தடம் விட்டுக்கொண்டே போகிறது. தடம் முழுவதும் விழுந்ததும் மேசையில் சத்தமே இல்லை. அதுவும் ஒரு பரவளையம், தலைகீழாக. உச்சி (0, 3)இல். ஒருத்தி கவனித்துச் சொன்னாள், "டீச்சர், பச்சை வளைவு எங்க போனாலும் இந்த 3ஐ விடவே மாட்டேங்குது, ஆணி அடிச்ச மாதிரி அங்கயே நிக்குது." ஏன் என்று நான் சொல்லவில்லை. அவளே எக்ஸுக்குப் பூஜ்யத்தைப் போட்டுப் பார்த்தாள், சி மட்டும் மிஞ்சியது. தலைகீழ் வளைவின் சமன்பாடு என்ன என்று கேட்டு வீட்டுக்கு அனுப்பினேன். மூன்றிலிருந்து எக்ஸ் வர்க்கத்தைக் கழித்தால் வருவதுதான் அது. ஞாயிறு ராத்திரி பதினொரு மணிக்கு இரண்டு பேர் தாளில் செய்து படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் இந்தக் கேள்வி வரப்போவதில்லை. ஆனால் அந்த ஆறு பேரும் அதற்கப்புறம் முனைப்புள்ளிச் சூத்திரத்தை மறக்கவில்லை, குறியைத் தப்பாகப் போடவும் இல்லை.

இன்னொன்றும் அன்றைக்குத் தற்செயலாக நடந்தது. ஒருவன் ஏயைத் தள்ளிக்கொண்டே போனான், பூஜ்யத்தில் நின்றபோது வளைவு நேர்க்கோடாகிவிட்டது. "அதான் புத்தகத்துல ஏ பூஜ்யமா இருக்கக் கூடாதுனு போட்டிருக்கா?" என்று கேட்டான். ஆமாம், அதற்காகத்தான். அந்த வரியை இருபது தடவை நான் கரும்பலகையில் எழுதியிருப்பேன், யாரும் ஏன் என்று கேட்டதே இல்லை.

முக்கோணத்துக்குத் தீர்வு காணும் பாடத்திலும் இதே மாதிரி. இரண்டு பக்கமும், அவற்றுக்கு இடையில் இல்லாத ஒரு கோணமும் கொடுத்தால் சில சமயம் இரண்டு முக்கோணம் வரும் என்பது பிள்ளைகளுக்கு எப்போதும் தலைவலி. கோணம் 30 பாகை, ஒரு பக்கம் 8, கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்குலேட்டரில் அடித்தால் 53.13 பாகை என்று ஒரு விடை மட்டும் வரும், அதை எழுதிவிட்டு மதிப்பெண்ணைப் பறிகொடுத்துவிட்டு வருவார்கள். இன்னொரு விடை 126.87 பாகை, அதைக் கால்குலேட்டர் ஒருநாளும் காட்டாது, நாம்தான் 180இலிருந்து கழிக்க வேண்டும். ஏன் கழிக்கிறோம் என்று கேட்டால் "டீச்சர் சொன்னாங்க" என்பதுதான் பதில்.

ஜியோஜெப்ராவில் அடிக்கோடு ஒன்று போட்டு, 30 பாகையில் 8 நீளத்துக்கு ஒரு பக்கம் எழுப்பி, அதன் நுனியை மையமாக வைத்து ஒரு வட்டம் போடுவோம். வட்டத்தின் ஆரம்தான் அந்த எதிர்ப்பக்கம், அதற்கு ஒரு ஸ்லைடர். வழக்கம்போல முதலில் தாளில் ஊகம். ஆரம் 3 என்றால் வட்டம் அடிக்கோட்டைத் தொடவே இல்லை, முக்கோணம் கிடையாது. 4 என்றால் சரியாக ஒரே இடத்தில் உரசுகிறது, செங்கோண முக்கோணம் ஒன்று. 5 என்றால் இரண்டு இடத்தில் வெட்டுகிறது, இரண்டு முக்கோணம் கண் முன்னால் நிற்கிறது. 9 என்றால் ஒரு வெட்டு கோணத்தின் மறுபக்கம் போய்விடுகிறது, மறுபடி ஒன்றுதான். நுனியிலிருந்து நேரே கீழே ஒரு கோடு இறக்கினால் அதன் நீளம் 4, வட்டத்தின் ஆரம் 5, அப்படியானால் இரண்டு பக்கமும் 3, 3 என்று ஒரு பையன் கால்குலேட்டரைத் தொடாமலேயே சொன்னான். சின்ன வகுப்பில் படித்த மூன்று, நான்கு, ஐந்து முக்கோணம் இங்கே ஒளிந்திருக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. எண்களை வசதிக்காகத்தான் எடுத்திருந்தேன்.

சின்னப் பிள்ளைகளுக்கு? அந்தப் பின்னப் பையனிடமே திரும்பிப் போகிறேன். ஒரே நீளத்தில் மூன்று பட்டைகள் செய்து வைத்திருக்கிறேன், ஒன்றன்கீழ் ஒன்றாக. ஒவ்வொன்றையும் எத்தனை துண்டாகப் பிரிப்பது, எத்தனை துண்டுக்கு நிறம் போடுவது என்று ஸ்லைடர்கள். அவனுடைய விடையையே மூன்றாவது பட்டையில் போடச் சொன்னேன். முதல் பட்டையில் பாதி நிறம், மூன்றாவதில் ஐந்தில் இரண்டு. மேலும் கீழும் மாறி மாறிப் பார்த்தான். "அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தேன், எப்படி டீச்சர் அரையைவிடக் குறைஞ்சுது?" அந்தக் கேள்வியை அவனே கேட்டான், அதுவும் கொஞ்சம் கோபமாக. அப்புறம் இரண்டு பட்டையின் கோடுகளும் நேராக வரும்வரை தள்ளு என்றேன். ஆறில் வந்தது. விட்டுவிடுவான் என்று பார்த்தால் மேலே தள்ளிக்கொண்டே போய் 12இலும் வருகிறது, 18இலும் வருகிறது என்றான். பொது மடங்கு என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் சொன்னேன். முதலில் பொருள், அப்புறம் பெயர்.

மொழி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவன் தமிழ்ப்பள்ளியில் பகுதி எண் என்று படித்தான். இடைநிலைப்பள்ளிக்குப் போனால் அதுவே மலாயில் பெஞெபுட் ஆகிவிடும், சில பள்ளிகளில் டினாமினேட்டர் ஆகிவிடும். கணக்குத் தெரிந்த பிள்ளைகள்கூட அந்த முதல் வருடத்தில் சொல்லில் தடுக்கி விழுவதை நான் ஒவ்வொரு பள்ளியாண்டின் தொடக்கத்திலும் பார்க்கிறேன், நானே அப்படி விழுந்தவள். பட்டையில் போட்ட கோட்டுக்கு மொழி கிடையாது. அதைப் பார்த்துப் பழகியவன் புதுச் சொல்லைக் கேட்டதும், ஓ, அந்தக் கீழ் எண்ணா என்று பிடித்துக்கொள்கிறான். படிவம் 4 பிள்ளைகளுக்கு மட்டும் ஆப்பை மலாயில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன், பள்ளியில் கேட்கும் சொற்களே திரையிலும் இருக்கும்.

விடை சொல்லும் ஆப்களைப் பற்றிக் கேட்காத பெற்றோர் இல்லை. ஃபோட்டோமேத்தைத்தான் பெரும்பாலான பிள்ளைகள் வைத்திருக்கிறார்கள். குரோவேஷியாவைச் சேர்ந்த டாமிர் சாபோல் 2014இல் வெளியிட்டது, இப்போது கூகுளுடையது. கணக்கைப் படம் பிடித்தால் படிப்படியாகச் செய்து காட்டும். கையெழுத்தைக்கூடப் படிக்கிறது. கருவி என்ற முறையில் அருமையான வேலை, அதில் சந்தேகமே இல்லை, படிகளையும் ஒழுங்காகவே போடுகிறது. ஆனால் வீட்டுப்பாடத்தை முதலில் அதில் பிடித்துவிட்டு நோட்டில் இறக்கும் பிள்ளைக்கு ஊகிக்கும் அந்த அரை நிமிடம் போய்விடுகிறது, பாடம் நடப்பதே அந்த அரை நிமிடத்தில்தான். தடை போட்டுப் பார்த்தேன், பாத்ரூமில் போய்ப் பிடித்துவிட்டு வந்தார்கள். இப்போது வேறு ஏற்பாடு: முதலில் பேனாவால் செய்து முடி, அப்புறம் ஃபோட்டோமேத்தில் பிடி, உன் படியும் அதன் படியும் எந்த வரியில் பிரிகிறது என்று சிவப்புப் பேனாவால் வட்டம் போடு. விடை தவறாக இருந்தால் பரவாயில்லை, வட்டம் இல்லாமல் வந்தால்தான் திருப்பி அனுப்புவேன். இப்படி ஒரு பெண் தொடர்ந்து எட்டு வாரம் வட்டம் போட்டாள். அடைப்பைத் திறக்கும்போது கழித்தல் குறியை விடுவது மட்டும்தான் அவளுடைய பிரச்சினை என்று அவளே கண்டுபிடித்தாள். எட்டு வட்டத்தில் ஆறு வட்டம் அதே இடம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெஸ்மாஸ் 2011இல் வந்தது, அதுவும் இலவசம், வரைபடம் மட்டும் போதும் என்றால் ஜியோஜெப்ராவைவிடச் சுத்தமாகவும் வேகமாகவும் இருக்கும். அமெரிக்காவின் எஸ்ஏடி கல்லூரி நுழைவுத் தேர்வுத் திரையிலேயே அதைக் கால்குலேட்டராக வைத்திருக்கிறார்கள். வட்டம், முக்கோணம், கட்டுமானம் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும் என்பதால் நான் ஜியோஜெப்ராவிலேயே நின்றுவிட்டேன். கான் அகாடமி ஆங்கிலம் நன்றாகப் புரியும் பிள்ளைக்கு நல்ல துணை. சல்மான் கான் 2004இல் தூரத்தில் இருந்த உறவுக்காரப் பெண் ஒருத்திக்குப் பாடம் சொல்லத் தொடங்கியதில் வளர்ந்தது அது, இன்னும் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்வது போன்ற குரல் அதில் இருக்கிறது. ஆனால் பார்ப்பது பார்ப்பதுதான், பார்த்த பிறகு கை வேலை செய்ய வேண்டும்.

ஜியோஜெப்ராவில் குறை இல்லாமல் இல்லை. போன் திரை சின்னது. பாதித் திரையைச் சமன்பாட்டுப் பட்டியல் எடுத்துக்கொள்ளும், அதற்கு மேல் கீபோர்டும் எழுந்தால் வளைவுக்கு விரல் அகலம்தான் மிஞ்சும், புள்ளியைத் தொடப்போய் முழுப் படமும் நகர்ந்துவிடும். நான் லேப்டாப்பில் செய்து டிவியில் காட்டிவிட்டு, ஸ்லைடரைத் தள்ளுவதற்கு மட்டும் போனைப் பயன்படுத்த வைக்கிறேன். ஜியோஜெப்ராவின் இணையத் தளத்தில் உலகம் முழுக்க ஆசிரியர்கள் ஏற்றிவைத்த கோப்புகள் பத்து லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் ஏற்றலாம் என்பதால் தங்கமும் இருக்கும் பதரும் இருக்கும். வகுப்புக்கு முந்தின ராத்திரி நீங்களே ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் எதையும் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். முப்பரிமாண உருவத்தைக் கேமரா வழியே மேசைமேல் நிற்க வைக்கும் வசதி பார்க்க அற்புதம், எங்கள் மேசையில் இரண்டு போன்களில் மட்டும் ஓடியது. மழை நாளில், இல்லையென்றால் அப்பா ஷிப்டால் பிள்ளை வர முடியாதபோது, கிளாஸ்ரூம் வசதி உதவுகிறது. ஒரு குறியீட்டைக் கொடுத்தால் பிள்ளைகள் கணக்குத் திறக்காமலேயே உள்ளே வரலாம், யார் என்ன வரைகிறார்கள் என்று என் திரையில் அப்போதே தெரியும்.

பெரிய எச்சரிக்கை தேர்வைப் பற்றியது. எஸ்பிஎம் மண்டபத்துக்குள் எந்த ஆப்பும் போகாது, புரோகிராம் செய்ய முடியாத கால்குலேட்டர் மட்டும்தான். நேரியல் விதிக் கேள்வியில் கிராஃப் தாளில் அளவு வைத்து, புள்ளி குறித்து, சிறந்த நேர்க்கோட்டைக் கையால் போட வேண்டும். திரையில் மட்டும் வளைவு பார்த்த பிள்ளைக்கு இரண்டு சென்டிமீட்டருக்கு ஓர் அலகு என்று பிரிக்கவே கை வராது. எங்கள் மேசையில் ஒரு ஸ்லைடருக்கு ஒரு கிராஃப் பக்கம் என்று கணக்கு வைத்திருப்பது இதற்காகத்தான்.

நாட்டின் நிலைமையும் எனக்குக் கவலையாக இருக்கிறது. பல நாட்டு 15 வயதுப் பிள்ளைகளை ஒப்பிடும் பிஸா தேர்வில் மலேசியாவின் கணிதப் புள்ளி 2018இல் 440, 2022இல் 409. நடுவில் கோவிட் வந்தது, 2020 மார்ச்சிலிருந்து பள்ளிகள் மூடித் திறந்து மூடின, ஒரே போனை மூன்று பிள்ளைகள் பங்கு போட்ட வீடுகள் என் தெருவிலேயே இருந்தன. அந்தக் காலத்தில் பின்னம் கற்க வேண்டிய பிள்ளைகள்தான் இப்போது படிவம் 4இல் என் முன்னால் உட்கார்ந்து இருபடிச் சார்பில் தடுமாறுகிறார்கள், தோண்டிப் பார்த்தால் அடியில் பின்னம்தான் இருக்கிறது. அதனால் சனிக்கிழமைப் பிள்ளைகளையும் வெட்கப்படாமல் அந்த மூன்று பட்டையில் உட்கார வைக்கிறேன். பதினாறு வயதுப் பையன் பட்டையைத் தள்ளும்போது முதலில் சிரிப்பான், இரண்டாவது நிமிடம் அமைதியாகிவிடுவான்.

எந்த டேப்லட் வாங்கலாம் என்று கேட்கும் பெற்றோருக்கு: எதுவும் வாங்க வேண்டாம். வீட்டில் இருக்கும் போனே போதும், திரை கொஞ்சம் விரிசல் விட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்தக் காசில் கிராஃப் புத்தகம் நான்கு வாங்கிக் கொடுங்கள். சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் பிள்ளை வரும்போது போனில் சார்ஜ் முழுசாக இருக்கட்டும், பையில் 2பி பென்சிலும் ஒரு நல்ல அழிப்பானும் இருக்கட்டும். அழிப்பான் நிறையத் தேவைப்படும்.